ஒரே மாற்றம், இரண்டு பெயர்: மரபணு ரிப்போர்ட்டில் எண்கள் ஒத்துவராதபோது எங்கே பார்ப்பது

கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் மரபணு ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: "இதில் ஒரு பெயர் இருக்கிறது, அதில் வேறு பெயர் இருக்கிறது. இரண்டும் ஒன்றா, வேறா?" கேட்பவர் புதிதாக லேபில் சேர்ந்த பிள்ளையாக இருக்கலாம், செந்தூலிலிருந்து வந்த கர்ப்பிணியாக இருக்கலாம், பினாங்கிலிருந்து போன் செய்யும் டாக்டராகவும் இருக்கலாம். பதில் பெரும்பாலும் ரத்தத்தில் இல்லை. எந்த ரெஃபரன்ஸ் வரிசையை (ஒப்பிட்டு எண்ணுவதற்கான மாதிரி வரிசை) வைத்து எண்ணினார்கள் என்பதில்தான் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் 79-ஆம் எண் வீடு என்று மட்டும் சொன்னால் தபால்காரர் எந்த ஜாலானுக்குப் போவார்? 'சி.79ஜி>ஏ' என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டும் அப்படித்தான். முழுப் பெயர் இது: என்எம்_000518.5(எச்பிபி):சி.79ஜி>ஏ. என்எம்_000518 என்பது ரெஃபரன்ஸ் வரிசை. புள்ளிக்குப் பின்னால் உள்ள 5 அதன் பதிப்பு. எச்பிபி மரபணுவின் பெயர், பீட்டா குளோபின் புரதத்தைச் செய்வது இதுதான். கடைசிப் பகுதி, 79-ஆவது எழுத்தான ஜி, ஏ-ஆக மாறியதைச் சொல்கிறது. 'சி.' என்றால் புரதமாக மாறும் பகுதியை வைத்து எண்ணியது, 'ஜி.' என்றால் குரோமோசோம் முழுவதையும் வைத்து எண்ணியது, 'பி.' என்றால் புரதம், 'எம்.' என்றால் மைட்டோகாண்ட்ரியா. ரிப்போர்ட்டில் இதெல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும். நான் ஒலிப்பை அப்படியே தமிழில் தருகிறேன், வாய்விட்டுப் படித்தால் பொருந்திவிடும்.

விதிகளுக்கு எச்ஜிவிஎஸ் பெயரிடல் என்று பெயர். 2000-இல் பரிந்துரையாக வெளிவந்து, 2016-இல் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு, இப்போது ஹியூகோ என்ற மனித மரபணுத்தொகுதி அமைப்பின் கீழ் உள்ள குழுவால் பராமரிக்கப்படுகிறது. விதிகளை வரிசையாக ஒப்பிப்பதால் பயன் குறைவு. என்ன கோளாறு கண்ணில் படுகிறதோ அங்கிருந்து தொடங்குவோம். உதாரணங்களைப் பெரும்பாலும் எச்பிபி-யிலிருந்தே எடுத்திருக்கிறேன். மலேசியாவில் தலசீமியா ரிப்போர்ட்தான் நம் கைக்கு அதிகம் வருகிறது.

அறிகுறி: அமினோ அமில எண் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கிறது

ஒரு ரிப்போர்ட்டில் 'எச்பி இ, கோடான் 26'. இன்னொன்றில் 'பி.(குளு27லைஸ்)'. இரண்டும் ஒரே மாற்றம்: குளுட்டாமிக் அமிலம் லைசினாக மாறி, எச்பி இ என்ற ஹீமோகுளோபின் வகை உருவாகிறது. கோடான் என்றால் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து.

காரணம் பழையது. பீட்டா குளோபின் புரதம் உருவாகும்போது முதலில் நிற்பது மெத்தியோனின். உருவாகிக்கொண்டிருக்கும்போதே அது வெட்டப்பட்டுவிடும். ஹீமோகுளோபினை ஆராய்ந்த முன்னோடிகள் கையில் கிடைத்த முதிர்ந்த புரதத்தை வைத்து எண்ணினார்கள். அதில் முதல் அமிலம் வாலின். எச்ஜிவிஎஸ் விதியோ மெத்தியோனினை 1 என்று எண்ணுகிறது. அதனால் எச்பிபி-யில் பழைய கோடான் எண்ணோடு எப்போதும் ஒன்று கூட்ட வேண்டும். அரிவாள் செல் மாற்றம் பழைய கணக்கில் 6, புதிய கணக்கில் 7: சி.20ஏ>டி, பி.(குளு7வால்). கோடான் 17 என்று எழுதுவது சி.52ஏ>டி, பி.(லைஸ்18டெர்). 'டெர்' என்றால் புரதம் அங்கேயே நின்றுவிடும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. 'சி.' எண்ணை மூன்றால் வகுத்து, மீதி இருந்தால் மேலே முழுமையாக்குங்கள். 79-ஐ மூன்றால் வகுத்தால் 26-க்கு மேல் கொஞ்சம், எனவே 27. 20 என்றால் 7. 52 என்றால் 18. ரிப்போர்ட்டில் 'சி.' எண்ணும் 'பி.' எண்ணும் இந்தக் கணக்கில் சேரவில்லை என்றால் யாரோ பழையதையும் புதியதையும் ஒரே வரியில் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம். 'சி.79ஜி>ஏ, குளு26லைஸ்' என்று பார்த்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்ற மரபணுக்களில் இடைவெளி ஒன்றோடு நிற்காது. ஃபேக்டர் 9 புரதத்தில் 46, ஃபேக்டர் 8-இல் 19, கொலஸ்ட்ரால் தொடர்பான எல்டிஎல்ஆர்-இல் 21. எல்லாம் புரதத்தின் முன்பகுதி வெட்டப்படுவதால் வந்த வித்தியாசம். ஹீமோஃபீலியா குடும்பங்கள் தாத்தா காலத்து ரிப்போர்ட்டைக் கொண்டுவரும்போது இந்த எண்கள் கை கொடுக்கும்.

பழைய பெயரை அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர்களுக்கும் குடும்பங்களுக்கும் 'எச்பி இ' என்றால்தான் புரியும். முதலில் முழு எச்ஜிவிஎஸ் பெயர், பக்கத்தில் வழக்குப் பெயர். இரண்டும் இருக்கட்டும்.

அறிகுறி: 'சி.' எண் 90 கூடுகிறது, 'பி.' எண் 30 கூடுகிறது

இது ஜி6பிடி. மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்க்கும் அதே ஜி6பிடிதான், அதனால் நம் வீடுகளில் இந்தப் பெயர் தெரியாதவர் குறைவு. நொதி அளவு குறைவாக வந்து மரபணுவைப் பார்க்கும்போது, மெடிட்டரேனியன் வகையை ஓரிடத்தில் சி.563சி>டி, பி.(செர்188ஃபே) என்றும், இன்னோரிடத்தில் சி.653சி>டி, பி.(செர்218ஃபே) என்றும் காண்பீர்கள். தென்கிழக்காசியாவில் நிறையத் தென்படும் வியங்சான் வகை ஒன்றில் சி.871ஜி>ஏ, மற்றதில் சி.961ஜி>ஏ.

மரபணு ஒன்று, டிரான்ஸ்கிரிப்ட் (மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் ஆர்என்ஏ வரிசை) இரண்டு. நீளமான டிரான்ஸ்கிரிப்ட், அதாவது என்எம்_000402, முன்பக்கம் 30 அமினோ அமிலம் கூடுதலாக எண்ணுகிறது. முப்பதை மூன்றால் பெருக்கினால் 90. குட்டையானதில் இன்று பரிந்துரைக்கப்படுவது என்எம்_001360016.2.

எதை எடுப்பது? மேன் செலக்ட் என்ற பட்டியலைப் பாருங்கள். அமெரிக்காவின் என்சிபிஐ-யும் ஐரோப்பாவின் இஎம்பிஎல்-இபிஐ-யும் சேர்ந்து, மரபணுவுக்கு ஒரு டிரான்ஸ்கிரிப்டை இரு தரவுத்தளங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதை முதலாவதாகப் பயன்படுத்துங்கள். பழைய குடும்ப ரிப்போர்ட் வேறு டிரான்ஸ்கிரிப்டில் இருந்தால் அதையும் இரண்டாவது வரியில் கொடுங்கள். பதிப்பு எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். புள்ளிக்குப் பின்னால் எண் மாறும்போது வரிசையே மாறியிருக்கலாம்.

அறிகுறி: 'ஐவிஎஸ்', 'மைனஸ் 28' போன்ற பெயர்கள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை

ஆர்ம்ஸ் பிசிஆர் (குறிப்பிட்ட மாற்றங்களை மட்டும் தேடும் சோதனை) முறையில் செய்த பழைய ரிப்போர்ட்டுகளில் இவை சாதாரணம். 'ஐவிஎஸ்1-5 ஜி>சி' என்பது முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்து. இன்ட்ரான் என்றால் மரபணுவின் நடுவே இருந்தும் ஆர்என்ஏ-விலிருந்து வெட்டப்படும் பகுதி, தங்கும் பகுதி எக்ஸான். மலேசியாவில் மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் முக்கியமான பீட்டா தலசீமியா மாற்றங்களில் ஒன்று. இதன் இன்றைய பெயர் சி.92+5ஜி>சி. முதல் எக்ஸானின் கடைசி எழுத்து 92. அதற்குப் பிறகு இன்ட்ரானுக்குள் ஐந்து அடி.

இடறுவது அடுத்ததில். சீன சமூகத்தில் அதிகம் தென்படும் 'ஐவிஎஸ்2-654 சி>டி' ஏன் சி.315+654 ஆகவில்லை, ஏன் சி.316-197சி>டி ஆனது? இன்ட்ரானின் முதல் பாதியை முந்தைய எக்ஸானிலிருந்து கூட்டல் குறியோடும், பிற்பாதியை அடுத்த எக்ஸானிலிருந்து கழித்தல் குறியோடும் எண்ண வேண்டும். எச்பிபி-யின் இரண்டாவது இன்ட்ரான் 850 எழுத்து நீளம். 654 பாதியைத் தாண்டிவிட்டது. 850-இலிருந்து 654-ஐக் கழித்து ஒன்று கூட்டினால் 197. இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது.

'மைனஸ் 28 ஏ>ஜி' வேறு விஷயம். பழைய எண், ஆர்என்ஏ தொடங்கும் இடத்திலிருந்து பின்னோக்கி எண்ணியது. எச்ஜிவிஎஸ், புரதம் தொடங்கும் ஏடிஜி-யின் ஏ-வை 1 என்று வைத்து எண்ணுகிறது. எச்பிபி-யில் இரண்டுக்கும் நடுவே 50 எழுத்துகள் உள்ளன. எனவே சி.-78ஏ>ஜி. சி.0 என்று ஒன்று கிடையாது. -1-க்குப் பிறகு நேராக 1. நிறுத்தக் கோடானைத் தாண்டிய பகுதிக்கு நட்சத்திரக் குறி: சி.*110டி>சி என்றால் நிறுத்தத்துக்குப் பிறகு 110-ஆவது எழுத்து. நட்சத்திரத்தை யாராவது அச்சுப்பிழை என்று நினைத்து எடுத்துவிட்டால் மாற்றம் மரபணுவின் நடுவுக்கு வந்துவிடும்.

அறிகுறி: ஒரே நீக்கம், இரண்டு ரிப்போர்ட்டில் இரண்டு இடம்

இங்கே நிதானமாகப் பார்ப்போம். அதிகமாகக் குழம்பும் இடம் இதுதான்.

'கோடான் 41/42 மைனஸ் டிடிசிடி', அதாவது நான்கு எழுத்து நீங்கியது, நமக்கு நன்றாகப் பழக்கமான மாற்றம். 'டெல்' என்றால் நீக்கம். ஒரு ரிப்போர்ட் சி.124_127டெல் என்கிறது, இன்னொன்று சி.126_129டெல் என்கிறது. வரிசையை எழுதிப் பார்ப்போம். 121-இலிருந்து 132 வரை: ஏஜிஜி டிடிசி டிடிடி ஜிஏஜி. இதில் 124 முதல் 127 வரை, அதாவது டிடிசிடி-யை எடுத்தால் மிஞ்சுவது ஏஜிஜி டிடி ஜிஏஜி. 126 முதல் 129 வரை, அதாவது சிடிடிடி-யை எடுத்தாலும் மிஞ்சுவது ஏஜிஜி டிடி ஜிஏஜி. எந்த நான்கு எழுத்து போனது என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது, ஏனென்றால் விளைவு ஒன்றே. அதனால் விதி ஒரு முடிவை எடுத்துக் கொடுக்கிறது: வாய்ப்புள்ள இடங்களில் 3' முனைக்கு (வரிசையைப் படிக்கும் திசையில் கடைசி முனை) மிக அருகில் உள்ளதைப் போடு. எனவே சி.126_129டெல் என்பதே சரி. 127_130-க்கு நகர்த்த முடியாது. அப்படி எடுத்தால் மிஞ்சுவது வேறு வரிசை. எழுத்துகளையும் சேர்த்து 'டெல்சிடிடிடி' என்று எழுதத் தேவையில்லை, 'டெல்' போதும்.

சரி, இப்போது ஒரு திருப்பம். எச்பிபி 11-ஆம் குரோமோசோமில் எதிர் இழையில் இருக்கிறது. மரபணுவின் 3' திசையும் குரோமோசோம் எண்கள் ஏறும் திசையும் எதிரெதிர். 'சி.' பெயருக்கு மரபணுவின் 3' பக்கம் தள்ளுகிறோம். 'ஜி.' பெயருக்குக் குரோமோசோமின் 3' பக்கம் தள்ள வேண்டும், அதாவது பெரிய எண்ணை நோக்கி. ஆகவே ஜிஆர்சிஎச்38 என்ற மனித மரபணுத்தொகுதிப் பதிப்பில் இதன் பெயர் என்சி_000011.10:ஜி.5226765_5226768டெல். இதை அப்படியே 'சி.' எண்ணாக மாற்றினால் கிடைப்பது 124_127! 'ஜி.'யிலிருந்து 'சி.'க்குப் போகும்போது எண்ணை மட்டும் மாற்றி, மறுபடி தள்ள மறந்த ரிப்போர்ட்டில்தான் அந்தப் பழைய எண் திரும்பி வருகிறது. இரண்டு பெயரும் தனித்தனியாக அவரவர் திசையில் தள்ளப்பட வேண்டும்.

விசிஎஃப் கோப்பு (சீக்வென்சிங் மென்பொருள் மாற்றங்களைப் பட்டியலிடும் கோப்பு) மூன்றாவது குரல். அது வழக்கமாக இடப்பக்கம், சிறிய எண்ணை நோக்கித் தள்ளும். முன்னால் உள்ள ஓர் எழுத்தையும் சேர்த்து எழுதும். அதில் இதே மாற்றம் 5226762-ஆம் இடத்தில் சிஏஏஏஜி>சி என்று நிற்கும். எதிர் இழை மரபணு என்பதால் விசிஎஃப்-இன் தள்ளலும் 'சி.' பெயரின் தள்ளலும் இங்கே ஒரே திசை. நேர் இழையில் உள்ள மரபணுவில் நிலைமை தலைகீழ்: அங்கே 'சி.'யும் 'ஜி.'யும் ஒத்துப்போகும், விசிஎஃப் தனியாக நிற்கும். "ஒரு மரபணுவில் சரியாக வந்தது, இன்னொன்றில் ஏன் வரவில்லை?" என்று கேட்டால் முதலில் இழையைப் பாருங்கள்.

எல்லையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எச்பிபி-யின் முதல் எக்ஸான் ...சிஏஜி என்று முடிந்து, இன்ட்ரான் ஜிடி... என்று தொடங்குகிறது. அங்கே ஒரு ஜி போனால்? 92-ஆவது ஜி-யா, இன்ட்ரானின் முதல் ஜி-யா என்று பிரிக்க முடியாது. 3' விதி இங்கேயும் செல்லும்: சி.92+1டெல். ஆனால் எக்ஸானும் எக்ஸானும் சேரும் இடத்தில் விதிவிலக்கு உண்டு. ஒரு எக்ஸான் டி-யில் முடிகிறது, இன்ட்ரான் ஜி-யில் தொடங்குகிறது, அடுத்த எக்ஸான் மீண்டும் டி-யில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எக்ஸானின் கடைசி டி போயிருந்தால், 'சி.' எண்ணில் அடுத்த எண்ணும் டி-தானே என்று அங்கே தள்ளக்கூடாது. குரோமோசோமில் அந்த இரண்டு டி-களுக்கும் நடுவே ஒரு முழு இன்ட்ரான் கிடக்கிறது. தள்ளினால் உண்மையில் மாறிய எக்ஸானை விட்டு வேறு எக்ஸானைக் காட்டிவிடுவோம். இந்த விதிவிலக்கை வகுத்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்; விதி அங்கே இருப்பதே நோயாளியின் மரபணுவை உள்ளபடி சொல்வதற்குத்தான்.

அறிகுறி: ஒருவர் 'இன்ஸ்' என்கிறார், மற்றவர் 'டூப்' என்கிறார்

'கோடான் 8/9 பிளஸ் ஜி' இந்தியர்களிடம் தெரிந்த மாற்றம். ஏஏஜி டிசிடி என்ற வரிசை ஏஏஜி ஜி டிசிடி ஆகிறது. நுழைந்த எழுத்து பக்கத்தில் உள்ளதன் நகல் என்றால் 'டூப்'தான் முன்னுரிமை: சி.27டூப். 'கோடான் 71/72 பிளஸ் ஏ'வும் அப்படியே. சில தரவுத்தளங்களில் சி.216_217இன்ஸ்ஏ என்று இருக்கும், விதிப்படி சி.217டூப். பக்கத்து எழுத்தின் நகலாக இல்லாத நுழைவுக்கு மட்டும் 'இன்ஸ்'. அதற்கும் அடுத்தடுத்த இரண்டு எண்கள் கட்டாயம். சி.217இன்ஸ்ஏ என்று ஒற்றை எண்ணோடு எழுதினால் முன்னாலா பின்னாலா என்று தெரியாது.

'>' குறி ஓர் எழுத்து ஓர் எழுத்தாக மாறுவதற்கு மட்டும். அடுத்தடுத்த இரண்டு எழுத்து மாறினால் 'டெலின்ஸ்', அதாவது நீக்கி நுழைத்தல்.

அறிகுறி: எண்ணும் வேறு, எழுத்தும் வேறு

ரிப்போர்ட்டில் சி.79ஜி>ஏ. சீக்வென்சிங் மென்பொருளில் 5226943 சி>டி. இன்னொரு கோப்பில் 5248173 சி>டி. மூன்றும் எச்பி இ-தான்.

எழுத்து மாறியது எதிர் இழையால். குரோமோசோம் வரிசை ஓர் இழையைத்தான் காட்டும். எச்பிபி மற்ற இழையில் படிக்கப்படுகிறது. ஜி-க்கு எதிரே சி, ஏ-க்கு எதிரே டி. எண் மாறியது மரபணுத்தொகுதிப் பதிப்பால். ஜிஆர்சிஎச்37 2009-இல் வந்தது, ஜிஆர்சிஎச்38 2013-இல் வந்தது. எச்பிபி இருக்கும் பகுதியில் இரண்டுக்கும் 21230 வித்தியாசம். இந்த எண்ணைக் குரோமோசோம் முழுவதற்கும் கழித்துப் போட்டுவிடாதீர்கள், இடத்துக்கு இடம் மாறும். மாற்றித் தரும் கருவியைப் பயன்படுத்துங்கள். ரிப்போர்ட்டில் 'குரோமோசோம் 11' என்று மட்டும் எழுதாமல் என்சி_000011.10 (38-க்கு) அல்லது என்சி_000011.9 (37-க்கு) என்று எழுதினால் இந்தக் கேள்வியே எழாது.

மிகவும் கவனிக்க வேண்டியது ஜி>சி வகை. சி.92+5ஜி>சி குரோமோசோமில் 5226925 சி>ஜி என்று தெரியும். இதே இடத்தில் ஜி>ஏ, ஜி>டி மாற்றங்களும் பதிவாகியிருக்கின்றன, எல்லாம் ஒரே ஆர்எஸ் எண்ணின் (டிபிஎஸ்என்பி தரவுத்தளம் கொடுக்கும் அடையாள எண்) கீழ் வரக்கூடும். ஆர்எஸ் எண் இடத்தைச் சொல்லும், என்ன மாறியது என்பதைச் சொல்லாது. ஆர்எஸ் எண் ஒத்துப்போகிறது என்பதற்காக மாற்றமும் ஒன்றே என்று முடிவு செய்யாதீர்கள்.

அறிகுறி: பெயரைக் கொடுத்தால் கருவி ஏற்க மறுக்கிறது

மியூட்டலைசர், வேரியன்ட் வேலிடேட்டர் இரண்டும் இலவசம். கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு பெயரையும் ஒன்றிலாவது போட்டுப் பாருங்கள். என்எம்_000518.5:சி.92+5ஜி>சி என்று கொடுத்தால் எச்சரிக்கையோ பிழையோ வரும். கருவி சொல்வது நியாயம். என்எம் வரிசையில் இன்ட்ரானே கிடையாது. இல்லாத இடத்தின் எழுத்தை எதை வைத்துச் சரிபார்ப்பது? என்சி_000011.10(என்எம்_000518.5):சி.92+5ஜி>சி என்று குரோமோசோமை வெளியிலும் டிரான்ஸ்கிரிப்டை அடைப்புக்குறிக்குள்ளும் கொடுங்கள்.

"அந்த இடத்தில் ஜி இல்லை, ஏ இருக்கிறது" என்று வந்தால் மூன்றில் ஒன்று: டிரான்ஸ்கிரிப்ட் வேறு, இழை வேறு, அல்லது பழைய எண்ணை 'சி.' போட்டு எழுதியிருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க் குடும்பங்களின் பழைய பிஆர்சிஏ1 ரிப்போர்ட்டுகளில் மூன்றாவது அதிகம். '185டெல்ஏஜி' என்பது இன்று சி.68_69டெல்; '5382இன்ஸ்சி' என்பது சி.5266டூப். அந்தக் காலத்தில் ஏடிஜி-க்கு முன்னால் உள்ள 119 எழுத்தையும் சேர்த்து எண்ணினார்கள். 119-ஐக் கழித்தாலும் எண் சரியாக வராது. பிறகு 3' விதிப்படி தள்ள வேண்டும். அக்காவின் ரிப்போர்ட்டை வைத்துத் தங்கைக்குப் பரிசோதனை செய்யும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பெயரை மட்டும் நம்பாமல், முடிந்தால் அக்காவின் மாதிரியையும் பக்கத்தில் வைத்து ஓட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: புரதப் பெயரில் சின்னச் சின்ன வித்தியாசம்

'எக்ஸ்' என்பது நிறுத்தத்துக்கான பழைய குறி. இப்போது 'டெர்' அல்லது நட்சத்திரம்.

அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. டிஎன்ஏ-வை மட்டும் பார்த்துப் புரதத்தை ஊகித்தால் பி.(குளு27லைஸ்). புரதத்தையோ ஆர்என்ஏ-வையோ நேரில் சோதித்திருந்தால்தான் அடைப்பு இல்லாமல் எழுதலாம். இன்ட்ரானை வெட்டி எக்ஸான்களை ஒட்டும் ஸ்ப்ளைசிங்கைக் கெடுக்கும் சி.92+5ஜி>சி போன்றவற்றுக்கு விளைவு தெரியாவிட்டால் பி.? என்று நேர்மையாகப் போட்டுவிடலாம்.

மூன்று மூன்றாகப் படிக்கும் சட்டகம் நகரும் மாற்றத்தில் எண்ணிக்கை ஒன்று பிசகுவது உண்டு. சி.126_129டெல் என்பதன் புரதப் பெயர் பி.(ஃபே42லியூஎஃப்எஸ்டெர்19). முதலில் மாறிய லியூசினை 1 என்று எண்ணி, புதிய நிறுத்தக் கோடான் வரை போனால் 19. லியூசினை விட்டுவிட்டு எண்ணியவருக்கு 18 வரும். ஆனால் நிறுத்தக் கோடானே மாறிப் புரதம் நீளும்போது கணக்கு வேறு. எச்பி கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் என்ற ஆல்ஃபா குளோபின் மாற்றம், என்எம்_000517.6(எச்பிஏ2):சி.427டி>சி, புரதத்தில் பி.(டெர்143குளன்எக்ஸ்ட்டெர்31). இங்கே மாறிய 143-ஐச் சேர்க்காமல் அடுத்ததை 1 என்று எண்ண வேண்டும். ஆல்ஃபா குளோபினில் எச்பிஏ1, எச்பிஏ2 இரண்டும் ஒரே புரதத்தைச் செய்வதால், மரபணுப் பெயர் இல்லாத ஆல்ஃபா ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

அறிகுறி: மைட்டோகாண்ட்ரியா எண் தடம் மாறுகிறது

வரிசையின் மொத்த நீளத்தைப் பாருங்கள். 16569 என்றால் அது ஆர்சிஆர்எஸ் என்ற மைட்டோகாண்ட்ரியா ரெஃபரன்ஸ் வரிசை, என்சி_012920.1, அதுதான் வேண்டும். 16571 என்றால் எச்ஜி19 (ஜிஆர்சிஎச்37-இன் இன்னொரு வடிவம்) தொகுப்போடு வந்த வேறு வரிசை. காதுகேளாமை தொடர்பான எம்.1555ஏ>ஜி போன்ற எண்கள் ஆர்சிஆர்எஸ்-ஐ வைத்து எண்ணியவை. ஆர்சிஆர்எஸ்-இல் 3107-ஆம் இடம் பழைய எண்கள் கலையாமல் இருக்க விடப்பட்ட வெற்றிடம், அதில் மாற்றம் என்று மென்பொருள் சொன்னால் பொருட்படுத்தாதீர்கள்.

அறிகுறி: ஒரே ஆளுக்கு இரண்டு மாற்றம், ஆனால் ரிப்போர்ட் எதுவும் முடிவாகச் சொல்லவில்லை

போன மாதம் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, சதுர அடைப்பு ஒன்றா இரண்டா என்பதில் என்ன இருக்கிறது?" எல்லாமே அதில்தான் இருக்கிறது.

சி.[79ஜி>ஏ];[92+5ஜி>சி] என்று தனித்தனி அடைப்பில் இருந்தால், ஒன்று அம்மாவழிக் குரோமோசோமில், மற்றது அப்பாவழியில். இவருக்கு நல்ல பீட்டா குளோபின் மரபணு ஒன்றுகூட இல்லை. இதுதான் எச்பி இ பீட்டா தலசீமியா, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரைக்கும் போகக்கூடியது. சி.[79ஜி>ஏ;92+5ஜி>சி] என்று ஒரே அடைப்பில் இருந்தால், இரண்டும் ஒரே குரோமோசோமில்; மறு குரோமோசோம் நன்றாக இருக்கிறது. சி.79ஜி>ஏ(;)92+5ஜி>சி என்றால் எந்தப் பக்கம் எது என்று இன்னும் தெரியாது. எழுத்துகளும் எண்களும் மூன்றிலும் ஒன்றே. அரைப்புள்ளியும் அடைப்பும் மட்டும்தான் மாறுகின்றன. இரண்டு பக்கமும் எச்பி இ என்றால் சி.[79ஜி>ஏ];[79ஜி>ஏ].

சீக்வென்சிங்கில் இந்த அளவு தள்ளி இருக்கும் இரண்டு இடங்களையும் ஒரே டிஎன்ஏ மூலக்கூறின் துண்டில் சேர்த்துப் படித்தால் பக்கம் தெரியும். தனித்தனித் துண்டில் படித்தால் தெரியாது. அதுவரை (;) குறியை மாற்றி எழுத யாருக்கும் உரிமை இல்லை, எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி, ரத்த எண்ணிக்கை எதைக் காட்டினாலும் சரி. அம்மா அப்பா இருவரின் ரத்தத்தையும் எடுங்கள். அம்மாவிடம் ஒன்று மட்டும், அப்பாவிடம் மற்றது மட்டும் என்று வந்தால், ரிப்போர்ட்டைத் திருத்தி, தேதி போட்டு, தனித்தனி அடைப்பில் மறுபடி வெளியிடுங்கள். பழைய பிரதி எந்த டாக்டரிடம் போனதோ அவருக்கும் புதியதை அனுப்புங்கள்.